மூத்த பேராசிரியர் தேவை

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். நேரமின்மையால் பேச்சில் சுருக்கிச் சொன்ன கணக்குகளை இங்கே விரித்து எழுதியிருக்கிறேன்.)

தோழர்களே,

துண்டறிக்கையில் என் பெயருக்கு முன்னால் 'கவிஞர்' என்று போட்டிருக்கிறீர்கள். இன்றைக்குக் கவிதை கிடையாது. வங்கியில் எழுத்தராக வேலை பார்க்கிற ஒருத்தன் பேச வந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே துண்டறிக்கையில் மூன்றாவது கோரிக்கை: 'ஒவ்வொரு மத்தியப் பல்கலைக்கழகத்திலும் பள்ளி உளவியல், மாணவர் மனநலத்துக்கென ஒரு மூத்த பேராசிரியரை உடனே நியமனம் செய்!' இந்த ஒரு வரியைப் பற்றி மட்டும்தான் பேசப் போகிறேன். கோரிக்கை நியாயமானது. ஆனால் அதில் 'மூத்த' என்றொரு சொல் உட்கார்ந்திருக்கிறது. அது லேசுப்பட்ட சொல் இல்லை.

மொதல்ல சாவுக் கணக்கு. 2014 முதல் 2021 வரை ஐஐடி, ஐஐஎம், என்ஐடி, மத்தியப் பல்கலைக்கழகம் முதலான மத்தியக் கல்வி நிறுவனங்களில் 122 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள் என்று 2021 டிசம்பரில் கல்வி அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். அதில் பட்டியல் சாதியினர் 24 பேர், பழங்குடியினர் 3 பேர், இதர பிற்படுத்தப்பட்டோர் 41 பேர். கூட்டினால் 68. பாதிக்கு மேலே. இப்படிக் கேள்வி வரும்போதெல்லாம் அரசு சொல்லுகிற காரணங்கள்: படிப்பு அழுத்தம், குடும்பக் காரணம், சொந்தக் காரணம், மனநலப் பிரச்சினை. செத்தவனின் சாதியை எண்ணி எழுதத் தெரிந்த அரசுக்கு, காரணம் எழுதும் பத்தியில் மட்டும் சாதி கண்ணில் படுவதில்லை.

'மனநலம்' என்ற சொல்லை நாம் எச்சரிக்கையோடு தொட வேண்டியிருப்பது இதனால்தான். அந்தச் சொல்லுக்கு ஒரு வசதி இருக்கிறது. குற்றத்தை ஊரிலிருந்து எடுத்துப் பாதிக்கப்பட்டவனின் மண்டைக்குள் வைத்துவிடும். 2016 ஜனவரி 17 அன்று ஐதராபாத்தில் ரோகித் வெமுலா எழுதிவைத்த கடிதத்தை எல்லாரும் படித்திருப்பீர்கள். நட்சத்திரங்களைப் பற்றிய வரிகளை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அதில் மறக்க முடியாதது ஒரு கணக்கு. ஏழு மாத ஆய்வு உதவித்தொகை, 1 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய், தனக்கு வரவேண்டும் என்று எழுதியிருந்தார். விடுதியிலிருந்து வெளியே தள்ளப்பட்ட ஒரு ஆய்வு மாணவர், வரவேண்டிய பாக்கியைக் கடைசிக் கடிதத்தில் குறிக்க வேண்டியிருந்தது. இதை எந்த மனநோய்ப் பெயருக்குக் கீழே எழுதுவீர்கள்?

கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த வரி சட்டென்று புரியும். கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள். "சார், ஸ்காலர்ஷிப் ஏறிடுச்சான்னு பாருங்க சார்." பார்ப்பேன். ஏறியிருக்காது. 2021இல் வந்த முறைப்படி மாநில அரசு தன் 40 சதவீதத்தை விடுவித்த பிறகுதான் ஒன்றிய அரசின் 60 சதவீதம் மாணவர் கணக்குக்கு நேராக வரும். ஒரே கட்டணம், இரண்டு தவணை, இரண்டு காத்திருப்பு. கல்லூரி ஆபீஸ் காத்திருக்காது. இதில் இன்னொன்று: பணம் போகிற இடம், ஆதார் கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு இணைக்கப்பட்டதோ அங்கே. ஊரில் முகாம் போட்டபோது யாரோ விரல் வைக்கச் சொல்லி ஒரு கணக்கு திறந்திருப்பார்கள். பணம் அங்கே போய்க் கிடக்கும். பிள்ளை இங்கே கவுண்டரில் நிற்கும். போன வாரத்துக்கு முந்தின வாரம் ஒரு பொண்ணு, முதுகலை முதலாண்டு, "எந்த பேங்க்னு எப்படி சார் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தது. ஆதார் இணைப்பு எங்கே இருக்கிறது என்று பார்க்கும் வழியைச் சொல்லிக் கொடுத்தேன். வேறொரு வங்கி, 40 கிலோமீட்டர் தள்ளி. பஸ்ஸுக்குக் காசு இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. அந்தச் சிரிப்புதான் கேள்விக்குப் பதில். அந்தப் பொண்ணு நாளைக்குத் தேர்வில் தூங்கி விழுந்தால் 'கவனக்குறைபாடு' என்று எழுதுகிற ஆலோசகர் வேண்டுமா, 'உதவித்தொகை எங்கே?' என்று கேட்கிற ஆலோசகர் வேண்டுமா? அந்த ஆலோசகரைத் தயார் செய்கிற பேராசிரியர் யார் என்பது அதற்கு முந்தின கேள்வி.

இது நம்ம ஊர்க் கேள்வி மட்டுமில்லை. அமெரிக்கக் கறுப்பர்கள் இதே உளவியலோடு நேருக்கு நேர் நின்று சண்டை போட்டிருக்கிறார்கள்.

மேமி கிளார்க் என்ற கறுப்பினப் பெண் 1939இல், கறுப்புக் குழந்தைகள் தங்களை எப்படி உணர்கிறார்கள் என்று தன் முதுகலை ஆய்வேட்டில் எழுதத் தொடங்கினார். பிறகு கணவர் கென்னத் கிளார்க்கோடு சேர்ந்து குழந்தைகள் முன்னால் பொம்மைகளை வைத்தார்கள். எல்லாம் ஒரே அச்சு, நிறம் மட்டும் வேறு. நல்ல பொம்மை எது, கெட்ட பொம்மை எது என்று கேட்டார்கள். மூன்று வயதிலிருந்து ஏழு வயது வரையிலான கறுப்புக் குழந்தைகளில் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையை நல்லது என்றார்கள். கடைசியாக, உன்னை மாதிரி இருக்கிற பொம்மை எது என்று கேட்டபோது சில குழந்தைகள் அழுதுவிட்டார்களாம். 1954இல் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது கென்னத்தின் ஆய்வு அந்தத் தீர்ப்பின் அடிக்குறிப்பில் ஏறியது. அதுவரை கறுப்புக் குழந்தைக்கு என்ன குறை என்று அளந்துகொண்டிருந்த துறை, பள்ளிக்கூடம் குழந்தைக்கு என்ன செய்கிறது என்று கேட்கும்படி ஆயிற்று. கேட்டவர்கள் யார் என்பதைக் கவனியுங்கள்.

நியமன விஷயத்துக்கு வருவோம். கென்னத் நியூயார்க் சிட்டி காலேஜில் 1942இல் சேர்ந்தார். நிரந்தரப் பேராசிரியர் ஆனது 1960இல். அந்தக் கல்லூரியில் அப்படி ஆன முதல் கறுப்பர் அவர்தான். நாட்டின் சட்டத்தையே மாற்றிய ஆய்வு கையில் இருந்தும் அத்தனை வருஷம். மேமி 1943இல் கொலம்பியாவில் முனைவர் பட்டம் வாங்கினார். பட்டத்துக்குத் தகுந்த வேலையை யாரும் கொடுக்கவில்லை. 1946இல் ஹார்லெமில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் குழந்தைகளுக்கான மையத்தைத் தாங்களே திறந்தார்கள். யோசனை யாருடையதோ அவருக்கு நாற்காலி இல்லை. இது எங்கேயும் நடப்பதுதான்.

இன்னொரு வழக்கு. கலிபோர்னியாவில் அறிவுத்திறன் சோதனை வைத்து, மதிப்பெண் குறைந்த குழந்தைகளை 'மனவளர்ச்சி குன்றியோர்' வகுப்புக்கு அனுப்பினார்கள். 1968-69இல் மாநிலப் பள்ளி மாணவர்களில் கறுப்புக் குழந்தைகள் சுமார் 9 சதவீதம். அந்த வகுப்புகளில் 27 சதவீதம். சோதனை வைத்து அனுப்பியவர்கள் பள்ளி உளவியலாளர்கள். கறுப்பின உளவியலாளர்கள் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் சான் பிரான்சிஸ்கோவில் அப்படி அனுப்பப்பட்ட சில குழந்தைகளை மறுபடியும் சோதித்தார்கள், அவர்களோடு பேசி, பழகி, அவர்கள் மொழியில் கேட்டு. எல்லாரும் அந்த எல்லைக்கு மேலே மதிப்பெண் வாங்கினார்கள். 1971இல் வழக்கு போட்டார்கள். 1979இல் அந்தச் சோதனையை வைத்துக் கறுப்புக் குழந்தைகளை அந்த வகுப்புகளில் தள்ளக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. குழந்தை அதே குழந்தை. எதிரே உட்கார்ந்து சோதித்தவர்தான் மாறினார்.

இப்போது நம்ம விளம்பரத்துக்கு வருகிறேன்.

'மூத்த பேராசிரியர்' என்பது வயதானவரைக் குறிக்கும் மரியாதைச் சொல் என்று நினைத்துத் துண்டறிக்கை எழுதிய தம்பி போட்டிருக்கலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளில் அது தனிப் பதவி. உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர், அதற்கு மேலே மூத்த பேராசிரியர். சம்பள நிலையும் தனி. பேராசிரியராகப் பத்து வருஷம் இருந்திருக்க வேண்டும். பேராசிரியர் ஆவதற்கு அதற்கு முன்னால் பத்து வருஷப் பணி வேண்டும். ஆக இருபது வருஷம். இருபது வருஷத்துக்கு முன்னால் உளவியல் துறையில் வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள் யார் யார் என்று எண்ணிப் பாருங்கள். நம் பிள்ளைகள் எத்தனை பேர் அப்போது உள்ளே போக முடிந்தது? அன்றைக்குச் சாத்திய கதவு இன்றைக்கு 'அனுபவம்' என்ற பெயரில் மறுபடியும் சாத்தப்படுகிறது.

அடுத்தது ரோஸ்டர். இதில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு. வங்கியில் எங்கள் பட்டியல் சாதி, பழங்குடி ஊழியர் சங்கத்தில் வருஷா வருஷம் ரோஸ்டர் பதிவேட்டை விரித்து வைத்துச் சண்டை போடுகிறவர்களில் நானும் ஒருவன். கவிதை எழுதுகிறவன் வரிசை எண்களோடு மாரடிப்பதைப் பார்த்து நண்பர்கள் சிரிப்பார்கள். எனக்கென்னவோ இந்த நாட்டில் மிகக் கவனமாகப் படிக்கப்பட வேண்டிய இலக்கியம் ரோஸ்டர் பதிவேடுதான் என்று தோன்றுகிறது.

பணியிடங்கள் குறைவாக இருக்கிற இடத்துக்கு 13 புள்ளி ரோஸ்டர். அதில் நாலாவது இடம் இதர பிற்படுத்தப்பட்டவருக்கு. ஏழாவது இடம் பட்டியல் சாதிக்கு. பழங்குடிக்கு முறை வருவது பதினாலாவதில். ஒரே ஒரு பணியிடம் என்றால் இடஒதுக்கீடே கிடையாது என்று 1998இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. 2017 ஏப்ரலில் அலகாபாத் உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகத்தை ஒரே அலகாக எடுக்காதே, துறை துறையாக எடு என்றது. 2018 மார்ச் 5 அன்று மானியக் குழு அதையே உத்தரவாகப் போட்டது. ஒரு துறையில் ஒன்றிரண்டு பேராசிரியர்கள்தான் இருப்பார்கள். ஏழு எப்போது வரும்? 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. பிறகு தெருவில் இறங்கியது நினைவிருக்கும். 2019 மார்ச் 5 பாரத் பந்த். இரண்டு நாளில், மார்ச் 7 அன்று, அவசரச் சட்டம். ஜூலையில் நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது. மத்தியக் கல்வி நிறுவனங்களில் இப்போது முழு நிறுவனமும் ஒரே அலகு. தெருவில் வாங்கிய சட்டம் இது. மாநிலப் பல்கலைக்கழகங்களை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்பதையும் சேர்த்தே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்தச் சட்டத்தில் 'ஆசிரியர் பிரிவு' என்பதற்கு என்ன விளக்கம்? துறை எதுவானாலும் ஒரே சம்பள நிலையில் உள்ள ஆசிரியர்கள் எல்லாரும் ஒரு பிரிவு. மூத்த பேராசிரியருக்குச் சம்பள நிலை தனி என்றால் அவர்கள் தனிப் பிரிவு. அனுமதிக்கப்பட்ட பேராசிரியர் இடங்களில் பத்து சதவீதத்துக்கு மேல் மூத்த பேராசிரியர் வைக்க முடியாது என்பதும் விதி. கணக்குப் போடுவோம். ஒரு பல்கலைக்கழகத்தில் 60 பேராசிரியர் இடங்கள் என்று வையுங்கள். மூத்த பேராசிரியர் ஆறு பேர். பட்டியல் சாதிக்கு முறை ஏழாவது. ஆறோடு பட்டியல் முடிந்துபோனது! எழுபது பேராசிரியர் இடங்கள் இருந்தால்தான் ஒரு இடம். பழங்குடிக்கு 140 வேண்டும். யாரும் சட்டத்தை மீறவில்லை. எல்லாம் விதிப்படி. நாம் கையைத் தூக்கி 'மூத்த பேராசிரியரை நியமனம் செய்' என்று கோஷம் போடுகிறோம். நம்மை விட்டுவிட்டு நியமிக்க எல்லா வசதியும் உள்ள ஒரு பதவியை நம் வாயாலேயே கேட்கிறோம். 'மூத்த' என்பதை அடித்துவிட்டுப் 'பேராசிரியர்' என்று போடுங்கள். அவருக்குக் கீழே இரண்டு உதவிப் பேராசிரியர் இடங்களையும் சேர்த்துக் கேளுங்கள். நம்ம பிள்ளைகள் முனைவர் பட்டம் முடித்துவிட்டு நிற்கிற வாசல் அந்த உதவிப் பேராசிரியர் வாசல்தான்.

அந்த வாசலிலும் ஒரு காவல்காரன் நிற்கிறான், பெயர் நேர்காணல். அதே 2018 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியர் நியமனத்தில் உங்கள் பட்டம், மதிப்பெண், கட்டுரை எல்லாம் நேர்காணலுக்குக் கூப்பிடுவதற்கு மட்டும். தேர்வு நேர்காணலை வைத்து மட்டுமே. இருபது நிமிஷப் பேச்சு. கிராமத்துத் தமிழ் வாடை அடிக்கிற ஆங்கிலத்தோடு நீங்கள் உள்ளே போகிறீர்கள். வெளியே வந்து மூன்று மாதம் கழித்து 'தகுதியானவர் எவருமில்லை' என்று ஒரு வரி. இடம் காலி. அடுத்த விளம்பரம், மறுபடியும் அதே வரி. பட்டியல் சாதி, பழங்குடி விண்ணப்பதாரர் இருந்தால் குழுவில் அவர்கள் தரப்புக் கல்வியாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கூடவே, வெளி வல்லுநர் இருவர் உட்பட நாலு பேர் இருந்தாலே கூட்டம் செல்லும் என்றும் விதி இருக்கிறது. அந்த நாலு பேரில் நம் ஆள் கட்டாயமில்லை. முதல் விதியை இரண்டாவது விதி தின்றுவிடுகிறது, பார்த்தீர்களா?

ஒரு தோழர் கேட்டார்: "நம்ம சாதிக்காரர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா அண்ணே?" ஆகாது. பேராசிரியர் ஆனதும் பழைய தெருவை மறந்தவர்களை எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். மறக்காதவர்களுக்கு வேறு தொல்லை. 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் அம்பேத்கர் அரசியல் பொருளாதாரப் பேராசிரியராகச் சேர்ந்தார். கொலம்பியாவில் படித்தவர். ஆசிரியர் அறையில் இருந்த தண்ணீர்ப் பானையை அவர் தொடக் கூடாது என்று சக பேராசிரியர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இன்றைக்குப் பானை இல்லை, ஆர்ஓ மெஷின் இருக்கிறது. பானை வேறு இடங்களுக்குப் போய்விட்டது: ஆய்வு மாணவரை யாருக்கு ஒதுக்குவது, எந்தப் பாடத்தை யாருக்குக் கொடுப்பது, எந்தக் குழுவில் போடாமல் விடுவது. அதனால்தான் ஒற்றை ஆளாக ஒருவரை உள்ளே அனுப்பாதீர்கள் என்கிறேன்.

'பள்ளி' உளவியல் என்று போட்டிருப்பதால் நாங்குநேரியைப் பேசாமல் போக முடியாது. 2023 ஆகஸ்ட். பன்னிரண்டாம் வகுப்பு படித்த நம் பையனைக் கூடப் படித்த ஆதிக்கச் சாதிப் பிள்ளைகள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கச்சிக்கும் வெட்டு. அதற்கு முன்னால் அந்தப் பையன் சில நாள் பள்ளிக்கூடம் போகாமல் இருந்தான். உளவியல் புத்தகத்தில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, பள்ளி மறுப்பு. நான் புரட்டிப் பார்த்த இரண்டு மூன்று பாடநூல்களில் அதற்குக் காரணமாகப் பிரிவுப் பதற்றம், தேர்வு பயம், கூச்சம் என்றெல்லாம் போட்டிருந்தது. கையில் கட்டிய சாதிக் கயிறு எந்தப் பக்கத்திலும் இல்லை. அந்தப் புத்தகத்தை மட்டும் படித்துவிட்டு வந்த ஆலோசகர் அந்தப் பையனின் கோப்பில் என்ன எழுதியிருப்பார்? வெட்டிய பிள்ளைகளின் கோப்பில் என்ன எழுதுவார்? அவர்களுக்கும் பதினேழு வயதுதான். அந்த வயதில் அந்த வெறியை ஊட்டியது எது என்று ஆராய வேண்டியதும் பள்ளி உளவியலின் வேலைதானே! ஆதிக்கச் சாதிப் பிள்ளையின் மனநலத்தைப் பற்றி இந்தத் துறை ஏன் கவலைப்படுவதே இல்லை? சாதி என்றாலே நம்மை மட்டும் நோயாளியாகப் பார்க்கிறார்கள்.

நாங்குநேரிக்குப் பிறகு தமிழக அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு கட்டத் தடை, பெரிய பள்ளிகளில் நல அலுவலர் நியமனம் என்று பரிந்துரைகள். ரோகித்தின் தாய் ராதிகாவும், 2019 மே மாதம் மும்பையில் இறந்துபோன மருத்துவ மாணவி பாயல் தாட்வியின் தாய் ஆபேதாவும் 2019இலேயே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். வேறொரு வழக்கில் 2025 மார்ச்சில், மாணவர் மனநலத்துக்கென நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் உச்ச நீதிமன்றம் ஒரு பணிக்குழு அமைத்தது. இதிலிருந்தெல்லாம் வேலையிடங்கள் வரும். நல அலுவலர், ஆலோசகர், அவர்களுக்குப் பாடம் நடத்தப் பேராசிரியர். விளம்பரம் வருவதற்கு முன்னால்தான் நாம் பேச வேண்டும். வந்த பிறகு பேசினால் 'அடுத்த முறை பார்க்கலாம்' என்பார்கள்.

ஒப்பந்தப் பணி என்று வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை வேலை போகுமோ என்று பயப்படுகிற ஆலோசகர் துணைவேந்தருக்கு எதிராக ஒரு மாணவன் சொல்வதை எப்படி எழுதிவைப்பார்? அவர் மனநலத்தை யார் பார்ப்பது?

நேரம் ஆகிவிட்டது, அடுத்துப் பேச வேண்டியவர் வந்துவிட்டார். ஒரு வேலை சொல்லிவிட்டு உட்கார்கிறேன். உங்கள் பல்கலைக்கழகத்தில் உளவியல், கல்வியியல் இரண்டு துறைக்கும் கடந்த பத்து வருஷத்தில் போடப்பட்ட ஆசிரியர் நியமன விளம்பரங்கள், 'தகுதியானவர் எவருமில்லை' என்று காலியாக விடப்பட்ட இடங்கள், ஒவ்வொரு தேர்வுக் குழுக் கூட்டத்திலும் பட்டியல் சாதி, பழங்குடிப் பிரதிநிதி இருந்தாரா என்ற விவரம், கூடவே ரோஸ்டர் பதிவேடு. இவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். முப்பது நாளில் பதில் தர வேண்டும். பதிவேட்டை நகலாக வாங்குவதைவிட நேரில் பார்வையிட அனுமதி கேட்பது நல்லது. மத்திய நிறுவனங்களில் முதல் ஒரு மணி நேரத்துக்குக் காசு கிடையாது, அதற்கு மேல் மணிக்கு 5 ரூபாய். போகும்போது இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் படிக்க, ஒருவர் எழுத. மாதிரி மனு ஒன்று தட்டச்சு செய்து கொண்டுவந்திருக்கிறேன். வாசல் பக்கம் மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன், ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள்.